எதிர்ச் சாய்வு

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குளியலறைக்குள் நுழைந்த நெட்டையன் அப்படியே நின்றுவிட்டான். வரைபடத்தில் உள்ளதைச் சுவர்மேலேயே விரித்துக் காட்டும் கண்ணாடி அது; வேலை சரியாக இருந்தால் பச்சை, பிசகினால் சிவப்பு. எதிரே கழிவுக் குழாய் நெடுகச் சிவந்து கிடந்தது. வெளியே போகவேண்டிய தண்ணீர் உள்ளே திரும்பி வரும்படி சாய்வைத் தலைகீழாகப் பொருத்தியிருந்தது வேறு யாருமில்லை, அவனுடைய தங்கை புருஷன். நெட்டையனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

முன்பு வேறொரு கட்டடத்தில் மாப்பிள்ளை ஒட்டிய இணைப்பு பிய்த்துக்கொண்டு கீழ்த்தளமே நாசமானது. இன்ஜினியர் கேட்டபோது மாப்பிள்ளை கொஞ்சமும் கூசாமல் நெட்டையனைக் கைகாட்டினான். தங்கை வாழவேண்டுமே என்று இவன் வாயைத் திறக்கவில்லை. அதன்பிறகு குழாய் வேலைக்கு எவனும் கூப்பிடவில்லை. சிமெண்ட் மூட்டை தூக்கினான். "நம்ம மச்சான் கை வச்சா வீடே குளம்தான்" என்று நாலு பேர் முன்னால் மாப்பிள்ளை சிரிப்பான், தங்கையும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பைத்தான் இவனால் செரிக்க முடியவில்லை. பழங்கதை தெரியாத இந்தக் கம்பெனி அவனுக்குச் சரிபார்க்கும் வேலையைக் கொடுத்தது. மாப்பிள்ளையும் இங்கேதான் என்று தெரிந்த நாளிலிருந்து ஒரு சிவப்புக்காகத் தவம் கிடந்தான்.

"என்ன மச்சான், சிவப்பா?" பின்னால் வந்து நின்ற மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது. இதுவரை நீ, வா, போ என்றவன் சட்டென்று மரியாதைக்கு மாறினான். "டைல்ஸ்காரங்க வேலைய ஆரம்பிக்கறதுக்குள்ள மாத்திடறேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. உங்க தங்கச்சி முகத்தப் பாருங்க."

"அவ முகத்தப் பாத்துதான் மாப்ள அன்னைக்கு வாய மூடிட்டு நின்னேன்."

மாடி முழுக்கக் கேட்கும்படி இன்ஜினியரைக் கூப்பிட்டான். டைல்ஸ்காரர்களும் பெயிண்டர்களும் வாசலில் கூடிவிட்டார்கள். "நான் சொன்னா பொறாமைம்பாங்க சார். கண்ணாடிய மாப்ளைக்கே மாட்டி விடுங்க. எங்க அறுக்கணும், எவ்வளவு தூக்கணும்னு அதுவே சொல்லிக் குடுக்கும்."

எத்தனையோ கட்டடம் பார்த்த மாப்பிள்ளையின் கை, கண்ணாடி சொல்லச் சொல்ல, நேற்று வேலைக்குச் சேர்ந்தவனைப் போல ரம்பத்தை எடுத்தது. வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நெட்டையனுக்கு இனித்தது. ஆனால் போதவில்லை, இன்னும் வேண்டும் போலிருந்தது.

வியர்வையில் கண்ணாடிக்குள் ஆவி படிந்துவிட்டது. கழற்றித் துடைத்தால் கண் கலங்கியிருப்பது ஊருக்கே தெரிந்துவிடும் என்று மாப்பிள்ளை கழற்றவில்லை. கையால் தடவிப் பார்த்து ரம்பத்தை வைத்தான். வைத்த இடம் தப்பு. கழிவுக் குழாயை ஒட்டி, அதே பருமனில் ஓடிய நல்ல தண்ணீர்க் குழாய் அது. மேல்தொட்டித் தண்ணீர் முழு அழுத்தத்தோடு அதற்குள் நின்றது. அவன் முதுகு மறைத்ததால் இன்ஜினியர் உட்பட வாசலில் இருந்த யாருக்கும் அது தெரியவில்லை. பக்கத்தில் நின்ற நெட்டையனுக்கு மட்டும் தெரிந்தது.

"மச்சான், ஒண்ணும் தெரியல. இதுதானே?"

நெட்டையன் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டான். ரம்பம் மெல்ல அசையத் தொடங்கியது. வெள்ளைத் தூள் மாப்பிள்ளையின் புறங்கையில் உதிர்ந்துகொண்டிருந்தது.