விருந்தினர் இரண்டு

அலுவலகத்தில் அவனுக்குச் 'சார்ஜர்' என்று பெயர். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் உட்காரும் முன் சுவரில் பிளக் பாயின்ட் எங்கே என்று தேடுகிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவனுக்கு அதில் வருத்தமில்லை. சந்தைக்குப் புதிதாக எது வந்தாலும் வாங்கி, பெட்டி பிரித்து, குறை நிறை சொல்லி வீடியோ போடுவது அவன் பொழுதுபோக்கு. பார்க்கிறவர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். அந்த நாற்பது பேரையும் 'அன்பான நேயர்களே' என்று கூப்பிடும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும், நாட்டு மக்களுக்கு உரையாற்றுகிறவன் தோற்றான்.

நான்காம் மாடியில் இருந்த அவன் வீடும் அதற்கேற்றபடிதான். சொன்னால் திரைச்சீலை விலகும், சொன்னால் விளக்கு எரியும். சொன்னது புரியாவிட்டால் ஹாலில் இருந்த ஸ்பீக்கர் ஒரு பெண் குரலில் பணிவாக மன்னிப்புக் கேட்கும். மனைவி அதை 'அந்தம்மா' என்பாள். அந்தம்மாவோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தாள். விளக்கு வேண்டுமென்றால் எழுந்து போய்ச் சுவிட்சைத் தட்டிவிட்டு வருவாள். அவள் காலத்தோடு ஒட்டி வளரவில்லையே என்று சார்ஜருக்கு அவள்மேல் கொஞ்சம் இரக்கம்கூட உண்டு.

எல்லாவற்றுக்கும் மகுடம் வாசல் கதவு. அவன் குரலில் "கதவே, வழி விடு" என்றால் திறக்கும். மூன்று வயது மகள் ஒருநாள் உள்பக்கப் பொத்தானை அழுத்தித் திறந்துகொண்டு லிஃப்ட் வரைக்கும் போய்விட்டாள். உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் அடித்தால் போதும் என்றாள் மனைவி. தாழ்ப்பாளா, இந்தக் காலத்திலா என்று சிரித்துவிட்டு, பூட்டில் 'குழந்தைப் பாதுகாப்பு' என்று இருந்ததை அவன் இயக்கினான். அன்றிலிருந்து உள்ளே இருந்து வெளியே போவதற்கும் அவன் குரல் வேண்டும், இல்லாவிட்டால் அவன் போன் வேண்டும். பகலில் அவள் கடைக்குப் போக நினைத்தால் அவனுக்கு போன் செய்வாள். அவன் அலுவலகத்திலிருந்தே கதவைத் திறந்துவிட்டு, பக்கத்து இருக்கைக்காரரிடம் அதைக் காட்டி மகிழ்வான். இது வேண்டாம் என்று அவள் எத்தனையோ முறை சொல்லியாயிற்று. செவிடன் காதில் ஊதிய சங்குதான். அவசரத்துக்கு ஒரு சாவியும் உண்டு. பத்திரமாக இருக்கட்டும் என்று அதை அலுவலக மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் புது மைக் ஒன்று வந்தது. ரகசியமாகப் பேசினாலும் தெளிவாகப் பிடிக்கும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. அதைச் சோதிக்க அவன் காலையிலிருந்து கத்தினான், பாடினான், குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கூவினான். திங்கட்கிழமை விடிந்தபோது தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது.

அதே திங்கட்கிழமை பத்து மணிக்கு அவளுக்கு நேர்முகத் தேர்வு. குழந்தை பிறப்பதற்கு முன் அவள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். திரும்ப வேலைக்குப் போகலாம் என்று விண்ணப்பித்த இடங்களிலெல்லாம், நடுவில் இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார்கள். இந்த ஒரு மருத்துவமனை மட்டும்தான் நேரில் வரச் சொல்லியிருந்தது. இதையும் விட்டால் இனி யாரும் கூப்பிடப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். மகளை முந்தின நாளே அத்தை வீட்டில் விட்டாயிற்று. சான்றிதழ்ப் பையும் கையுமாக அவள் வாசலில் வந்து நின்றாள்.

"கதவத் திறங்க."

அவன் வாயைத் திறந்தான். பஞ்சர் ஒட்டாத டியூப் மாதிரி ஒரு சத்தம் வந்தது. கதவு அசையவில்லை. கனைத்துக்கொண்டு இன்னொரு தரம் முயன்றான்.

"குரலை அடையாளம் காண முடியவில்லை" என்றாள் அந்தம்மா.

"சரி, போன்ல திறங்க."

சார்ஜர் போனைக் காட்டினான். அதில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. எழுந்தவுடன் பல் தேய்ப்பதற்கு முன் அப்டேட் இருக்கிறதா என்று பார்ப்பது அவன் வழக்கம். இன்றைக்கு வந்திருந்தது பெரிய அப்டேட். வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் அனுப்பும் செய்திகளை இனி அந்தம்மாவே சத்தமாக வாசிப்பாளாம். இந்த வசதி இல்லாமல் மனிதகுலம் இத்தனை காலம் எப்படித்தான் தவித்ததோ.

"மெயினை ஆஃப் பண்ணட்டுமா?"

அவன் அவசரமாகத் தலையாட்டி மறுத்து, ஒரு தாளில் எழுதிக் காட்டினான்: 'கரன்ட் போனாலும் பூட்டு பேட்டரியில ஓடும்.' எழுதும்போது அவன் கண்ணில் பெருமை தெரிந்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிறவர்களைப் பற்றி அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். அதற்கு உத்தரவாத அட்டையும் வாங்கி வைத்துக்கொண்டவனை இப்போதுதான் பார்க்கிறாள்.

வேறு வழியில்லாமல் அவள் வைராக்கியத்தை விட்டாள். ஸ்பீக்கரைப் பார்த்து, "கதவே, வழி விடு" என்றாள்.

"மன்னிக்கவும், விருந்தினர் இரண்டு. உங்களுக்கு அந்த அனுமதி இல்லை. இன்றைய வானிலையைச் சொல்லட்டுமா?"

அவள் மெதுவாகக் கணவன் பக்கம் திரும்பினாள். "நானா விருந்தினர்?"

அவன் தாளை இழுத்து, உரிமையாளர் கணக்கு ஒன்றுதான் தருவார்கள், மற்றவர்களை அப்படித்தான் பதிய முடியும் என்று எழுதினான்.

"அது சரி. நான் ரெண்டுன்னா, ஒண்ணு யாரு?"

சார்ஜரின் பேனா நின்றது. அவன் கண் சோபாவுக்கு அடியில் போனது. அங்கே, வட்டமாக, சமர்த்தாக, தரை கூட்டும் ரோபோ படுத்திருந்தது.

அவளுக்கு அழுகை வந்தது. வேலைக்குப் போகவிருந்த நாளில், இஸ்திரி போட்ட உடையில், ஒரு துடைப்பத்துக்கு அடுத்த இடத்தில் நிற்கிறோமே என்று வந்த அழுகை. ஆனால் அழுவதற்கு நேரமில்லை. பையைக் கீழே வைத்துவிட்டுத் தன் போனை எடுத்தாள்.

"பூட்டைப் பத்தி ஒரு வீடியோ போட்டீங்கள்ல."

அவன் திகைத்துப் பார்த்தான்.

"பாத்தேன். எல்லாத்தையும் பாக்கிறேன். பாப்பாவத் தூங்க வச்சிட்டு தினமும் அதான் வேலை. உங்க நாப்பது பேர்ல நானும் ஒருத்தி."

இது அவனுக்குத் தெரியாது. வீட்டில் அவன் பேச ஆரம்பித்தாலே எழுந்து போகிறவள், போனில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெரிந்தாலும் சொல்ல முடியாது. ஆகவே கையை ஆட்டிவிட்டுத் தாளில் எழுதினான்: பலிக்காது, பதிவு செய்த குரலை இந்தப் பூட்டு கண்டுபிடித்துவிடும், பெட்டியிலேயே எழுதியிருக்கிறது.

அவள் வீடியோவைத் தள்ளித் தள்ளி வேண்டிய இடத்துக்கு வந்தாள். எங்கே வரும் என்று அவளுக்கு மனப்பாடம். போனை அந்தம்மாவின் பக்கம் நீட்டினாள். "...அன்பான நேயர்களே, என் குரலைத் தவிர வேறு எவன் குரலுக்கும் இது மசியாது. பாருங்கள். கதவே, வழி விடு."

கதவு வழி விட்டது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் தன் வீட்டுத் திறவுகோலைத் தானே படம்பிடித்து, நாற்பது பேருக்கு இலவசமாகக் கொடுத்து, பிடித்திருந்தால் நாலு பேருக்குப் பகிரவும் சொல்லியிருந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு, லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியில் இறங்கி ஓடினாள்.

சார்ஜர் அன்றைக்கு விடுப்பு. நல்ல மனிதன் என்றால் என்ன செய்திருப்பான்? இவன் அப்டேட் முடிந்ததும் பூட்டு நிறுவனத்துக்கு ஒரு நீண்ட புகார் எழுதினான். பதிவுக் குரலுக்குத் திறந்த குற்றத்துக்காக ஐந்து நட்சத்திரத்தில் ஒன்றைக் குறைத்தான். நடுநடுவே வாசலைப் பார்த்தான். அவளுக்கு நேரத்துக்கு ஆட்டோ கிடைத்திருக்குமா என்று கவலைப்பட்டான். உண்மையாகவே கவலைப்பட்டான், அதை இல்லை என்று சொல்லக் கூடாது. ஆனால் விருந்தினர் பட்டியலைத் திருத்த வேண்டும் என்று மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் வாசலுக்கு வெளியே அவன் குரலே கேட்டது, கதவு திறந்தது. அவள் போனை அணைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். இன்னொரு கையில் ஹார்டுவேர் கடைப் பை. அதிலிருந்து ஓர் இரும்புத் தாழ்ப்பாளையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"கிடைச்சிருச்சு. அடுத்த வாரம் சேரச் சொல்லிட்டாங்க."

அவன் முகம் மலர்ந்தது. வாயைத் திறந்து மூடினான். தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டு, போனை எடுத்து வேகமாகத் தட்டினான். அப்படி ஒரு வார்த்தை அவன் கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு எழுதியதில்லை. அனுப்பினான். அவள் கைப்பைக்குள் போன் சிணுங்குவதற்கு முன்னால் ஹாலில் மணி அடித்தது.

"விருந்தினர் இரண்டுக்கு ஒரு செய்தி" என்றாள் அந்தம்மா, புது அப்டேட்டின் உற்சாகத்தோடு. "உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. நீ இல்லாமல் இந்த வீடு இல்லை."

சோபாவுக்கு அடியில் விருந்தினர் ஒன்று ஒருதரம் மினுக்கியது. சார்ஜர் தலையைக் குனிந்துகொண்டான். காலையில் உறைக்காதது இப்போது உறைத்தது, சுருக்கென்று உறைத்தது.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"விருந்தாளி வந்தா முதல்ல குடிக்க ஏதாவது குடுப்பாங்க. எனக்கு ஒரு காபி. அப்புறமா தாழ்ப்பாளை நான் மாட்டறேன், நீங்க ஸ்க்ரூவைப் பிடிச்சுக்கோங்க."

அவன் சமையலறைக்குப் போனான். காபி மெஷின் உரிமையாளரின் குரலுக்காகக் காத்திருந்தது. அதை ஒதுக்கிவிட்டு அடுப்பைக் கையால் பற்றவைத்தான். பால் காய்ச்சும் பாத்திரம் எந்த அலமாரியில் இருக்கும் என்று தெரியவில்லை. விருந்தினரைத்தான் கேட்க வேண்டும், கேட்கக் குரல் இல்லை.