ஆணியின் கடைசிப் பூட்டு

"அஞ்சு பக்கம் முடிஞ்சுது சார். ஆறாவது பக்கத்துல இங்க் காயணும், அவ்வளவுதான்."

பொய் அவள் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. மேசைமேல் படக்கதைக்கான ஆறு தாள்களும் வெள்ளை வெளேரென்று கிடந்தன. பத்தொன்பது நாட்களாக அப்படியேதான் கிடக்கின்றன.

போனில் இருந்தவர் ஆசிரியர். சிறுவர் பத்திரிகை நடத்துபவர். குரலை உயர்த்திப் பழக்கமில்லாதவர். அவர் மெதுவாகப் பேசப் பேசத்தான் கேட்பவர்களுக்குப் பயம் கூடும்.

"ரொம்ப சந்தோஷம்மா. அப்ப நீங்க அனுப்ப வேண்டாம். சாயங்காலம் நாலு மணிக்கு அந்தப் பக்கம்தான் வர்றேன். நானே வாங்கிக்கிறேன்."

"உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்?"

"சிரமம் ஒண்ணும் இல்ல. ஒருவேளை முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க. நம்ம ஸ்டென்சில் ஒரு முடிவு வரைஞ்சு வச்சிருக்கார். பரவாயில்லாம இருக்கு."

"என்ன முடிவு சார்?"

"ஆணி தூங்கி எழுந்திரிக்கிறா. நடந்ததெல்லாம் கனவு."

போனை வைத்தபோது மணி பத்து பத்து.

ஸ்டென்சில் என்பது பத்திரிகை அலுவலகத்தில் உட்கார்ந்து வரைபவருக்கு எல்லாருமாகச் சேர்ந்து வைத்த பெயர். யார் கோட்டைக் கொடுத்தாலும் அச்சில் வார்த்த மாதிரி திருப்பிக் கொடுத்துவிடுவார். மூன்று வருடங்களுக்கு முன்னால், வேலை மூச்சுமுட்டிய ஒரு மாதத்தில், அவளே அவருக்கு ஒரு கோப்பு அனுப்பியிருந்தாள். ஆணியின் அறுபத்துநான்கு முகங்கள். சிரிப்பு, பயம், கோபம், அரைச்சிரிப்பு, அழுகைக்கு முந்தியது என்று வரிசையாக. தன் கழுத்துக்குத் தானே கயிறு திரித்த கதைதான். ஏனென்றால் அதற்குப் பிறகு அவளும் அந்தக் கோப்பிலிருந்துதான் தலைகளை எடுத்து ஒட்டிக்கொண்டிருந்தாள். ஆணியின் முகத்தைக் கடைசியாகக் கையால் எப்போது வரைந்தோம் என்று யோசித்தாள். நினைவு வரவில்லை.

ஆணி பத்து வயதுப் பெண். முடியில் ஒரு வளைந்த ஆணியைச் செருகியிருப்பாள். அதை வைத்து எந்தப் பூட்டையும் திறப்பாள். தன் வீடு எது என்பது மட்டும் அவளுக்கு மறந்துவிட்டது. அதனால் கதவு கதவாகத் திறந்துகொண்டே போகிறாள். மாதம் ஒரு கதவு, பதினோரு வருடங்கள். இந்தக் கடைசிக் கதவுக்குப் பின்னால்தான் அவள் வீடு. போன இதழின் அட்டையிலேயே போட்டாகிவிட்டது: "அடுத்த மாதம், கடைசிப் பூட்டு."

பதினோரு வருடம் திறந்த பூட்டுகளையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற பூட்டாக அது இருக்க வேண்டும். பத்தொன்பது நாட்களில் நாற்பத்தொரு பூட்டு வரைந்திருந்தாள். பல் இருக்கும் பூட்டு, பனிக்கட்டிப் பூட்டு, பூட்டுக்குள் பூட்டு. எல்லாம் இப்போது தரையில் கிடந்தன. ஒன்றைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போக வேண்டியிருந்தது.

அவள் போகவில்லை. தாளுக்கு முன்னால் உட்கார்ந்து பென்சிலைச் சீவினாள். நன்றாகத்தான் இருந்த பென்சில்.

பதினொன்றரைக்குக் கதவு திறந்தது. அக்கா தட்டுகிற வழக்கம் இல்லாதவள். கையில் ஒரு அட்டைப்பெட்டி. ஆறு வயது மூத்தவள், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இரண்டு மணிக்கு ஷிப்ட் போகும் வழியில் வந்திருக்கிறாள்.

"என்னடி சுண்டெலி, இது வீடா, பழைய பேப்பர் கடையா?"

"தட்டிட்டு வரக்கூடாதாக்கா?"

"சின்ன வயசுல நீ பாத்ரூமுக்குள்ள தாழ்ப்பாள் போட்டுட்டு உட்காருவியே, அப்பவே மொத்தமா தட்டி முடிச்சுட்டேன். எங்க வீட்டுப் பரண்ல தண்ணி ஒழுகுது. உன் பெட்டி நனையறதுக்குள்ள எடுத்துட்டு வந்தேன்."

"இன்னைக்கு வேண்டாம்க்கா. நாலு மணிக்கு ஆசிரியர் வர்றார்."

"வரட்டுமே. முடிச்சுட்டேல்ல?"

அக்கா மேசைப் பக்கம் போய் ஆறு தாள்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பின்பக்கமும் பார்த்தாள்.

"பொய் சொல்லிட்டேன்க்கா."

"எத்தனை பக்கம்?"

"அஞ்சு."

"சொன்னதுதான் சொன்னே, ஆறுன்னு சொல்லியிருக்கலாம். ஒரு பக்கத்துல என்ன யோக்கியம் வேண்டிக்கிடக்கு?"

சிரிப்பு வரவில்லை. அக்கா அவள் முகத்தை, வேலையிடத்தில் ஊசி குத்தும்முன் பார்ப்பதைப் போல் பார்த்தாள். பிறகு பெட்டியைத் தரையில் வைத்துப் பூட்டுகளைக் காலால் ஒதுக்கினாள்.

"மேலயே இருக்கு பாரு. என் மானத்தை வாங்கின நோட்டு."

பழுப்பு உறை போட்ட வேதியியல் ரெக்கார்டு நோட்டு. வலது பக்கம் கோடு போட்டிருக்கும், சோதனையை எழுத. இடது பக்கம் வெறுமையாக இருக்கும், கருவிகளின் படம் போட. அக்கா பதினொன்றாம் வகுப்பில் அதை முன்னாலிருந்து எழுதினாள். பத்து வயதுத் தங்கை அதன் வெற்றுப் பக்கங்களில் பின்னாலிருந்து வரைந்தாள். அக்காவின் கண்ணில் படாமலிருக்கக் கடைசித் தாளிலிருந்து ஆரம்பித்தாள். முன்னேற வழி முன்பக்கம்தான். அதனால் கதையின் முடிவை முதல் நாளே வரைந்தாள். மறுநாள் அதற்கு முன் நடந்ததை, அதற்கடுத்த நாள் அதற்கும் முன் நடந்ததை. அந்தப் பக்கமிருந்து அக்காவின் சோதனைகள் வந்துகொண்டிருந்தன. இந்தப் பக்கமிருந்து ஆணி போய்க்கொண்டிருந்தாள். இரண்டும் முட்டிக்கொள்ளும் நாளை நினைத்து வயிறு சில்லிட்டுக்கொண்டே வரைந்தது அவளுக்கு இப்போதும் நினைவிருந்தது. நோட்டைத் திருத்தக் கொடுத்த அன்று எல்லாம் வெளியே வந்தது. அக்கா மூன்று நாள் வகுப்புக்கு வெளியே நின்றாள். ஒரு மாதம் தங்கையோடு பேசவில்லை.

அதன்பிறகு அந்த நோட்டை அவள் பார்த்ததே இல்லை.

பின்னாலிருந்து திறந்தாள்.

பென்சில் கோடே கிடையாது. அக்காவின் நீலப் பேனாவால் நேராக வரைந்தது. ஆணியின் முகம் பக்கத்துக்குப் பக்கம் வேறாக இருந்தது. ஒரு கண் எப்போதும் பெரிது. மை கொட்டிய இடத்தில் ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது. கொட்டியதை அழிக்க முடியாததால் வந்த காக்கா, அடுத்த பக்கங்களிலும் கூடவே வந்தது.

கடைசிப் பக்கம் முழுக்க ஒரே கதவு. அதன் முன்னால் ஆணி, முதுகைக் காட்டிக்கொண்டு. பலகை பலகையாக வரிகள், கீல்கள், கீலில் முடுக்கிய திருகுகள் வரை இருந்தன. பூட்டைக் காணோம்.

ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: "பூட்டு எங்கடி?"

அது அவள் கையெழுத்து இல்லை.

பக்கங்களை வேகமாகப் புரட்டினாள். "காக்கா நல்லா இருக்கு." இன்னொரு இடத்தில், "இவ எப்பத்தான் சாப்பிடுவா?" நடுவில் வந்ததும் கை நின்றது. பதினான்காம் சோதனை, பதினைந்து, பதினாறு, மூன்றும் ஒரே பக்கத்தில் எறும்பு எழுத்தில் அடைத்துக் கிடந்தன. மேலே டீச்சரின் சிவப்பு மையில்: "ஏன் இவ்வளவு நெருக்கம்? தாள் இல்லையா?" அதற்குப் பின்னால் நான்கு தாள்கள், யாருக்கோ விட்டுவைத்தது போல, இரண்டு பக்கமும் வெறுமையாக இருந்தன. அதைத் தாண்டித்தான் ஆணி தொடங்குகிறாள்.

"நீ படிச்சியா?"

அக்கா ஜன்னல் கம்பியில் இருந்த தூசியை விரலால் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என் நோட்டை நான் படிக்கக் கூடாதா?"

"ஒரு மாசம் பேசலியே."

"மூணு நாள் வெளியே நின்னவ பேசுவாளா?"

"பதினாலாவதை எதுக்கு இப்படி நெருக்கி எழுதினே?"

"கை வலிச்சிருக்கும். அதை விடு. பூட்டு எங்க? அப்ப கேட்டதுக்கே இன்னும் பதில் வரல."

அவளுக்கு நினைவு வந்தது. பாத்ரூமுக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து வரைந்தது. வெளியே அக்கா கதவை உடைக்கிற மாதிரி தட்டியது. அவசரத்தில் பேனாவை மூடியது. பூட்டு விட்டுப்போனது. தப்புதான் அது.

தரையில் நாற்பத்தொரு பூட்டுகள் கிடந்தன.

"இல்லக்கா," என்றாள்.

"என்ன இல்ல?"

"பூட்டே இல்ல."

"அப்ப ஆணியை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவா? காது குடைவாளா?"

அவள் ஆறாவது தாளை இழுத்து முன்னால் போட்டாள். பென்சிலைத் தள்ளிவைத்துவிட்டு இங்க் பேனாவை எடுத்தாள். மணி பன்னிரண்டு.

கை வேர்த்துத் தாளில் ஒட்டியது. கதவின் மூன்றாவது பலகையில் ஒரு சொட்டு விழுந்தது. வேறு நாளாயிருந்தால் தாளையே கிழித்திருப்பாள். சொட்டுக்கு ஒரு அலகு வைத்தாள். கணினியைத் திறக்கவில்லை. ஆணியின் முகத்துக்கு இரண்டு முறை பேனா போய்த் திரும்பி வந்தது. மூன்றாவது முறை வரைந்தாள். ஒரு கண் பெரிதாகிவிட்டது. விட்டுவிட்டாள்.

ஆறாவது பக்கம் முடிந்து ஐந்தாவது. அதில் ஆணி சாவித் துவாரத்தைத் தேடித் தேடிக் கதவு முழுக்கத் தடவுகிறாள். சாதாரணமாக ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் எடுப்பாள். இன்று பின்னணி கிடையாது, கட்டம் மூன்றோ நான்கோதான்.

அக்கா கேட்காமலேயே ஹேர் டிரையரை எடுத்துவந்து ஆறாவது தாளைக் காயவைத்தாள்.

"கிட்டப் பிடிக்காதே. தாள் சுருங்கிடும்."

"எனக்கா சொல்றே? கண்ணாடித் துண்டுல ரத்தம் காயவைக்கிறதுதான் என் பொழப்பே." போனில் யாரிடமோ, "அரை மணி லேட்டா வர்றேன். சாம்பிள் பிரிட்ஜிலதான இருக்கு, ஓடியா போகும்?" என்றாள்.

இரண்டு மணிக்குக் கிளம்பும்போது டிரையரை இரண்டு தடிப் புத்தகங்களுக்கு நடுவே முட்டுக்கொடுத்து வைத்தாள். ஆறாவது தாளை நின்றபடி பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "காக்கா வந்துடுச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

நான்காவது பக்கம் முடிந்தது. மூன்றாவது பக்கம் பாதியில் இருந்தபோது மணி மூன்றரை. விரல்கள் விறைத்துவிட்டன. உதறிவிட்டு மறுபடி பிடித்தாள். கடைசிக் கட்டத்தின் மை காயும்முன் கதவு தட்டப்பட்டது.

ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மறுபடி தட்டினார். எழுந்து போய்த் திறந்தாள்.

ஆசிரியர் உள்ளே வந்து மேசையைப் பார்த்தார். நான்கு தாள்கள் வரைந்திருந்தன. இரண்டு வெறுமையாக இருந்தன.

"அஞ்சு முடிஞ்சுதுன்னு சொன்னீங்க."

"பொய் சார். காலையில ஒண்ணுகூட இல்ல."

அவர் மேலே கிடந்த ஆறாவது தாளைக் கையில் எடுத்தார்.

ஆணி கதவின் முன் நிற்கிறாள். அவளுடைய வளைந்த ஆணி வாசல்படியில் கிடக்கிறது. கதவின்மேல் காக்கா. அடுத்த கட்டத்தில் ஆணியின் மூடிய கைமுட்டி, பதினோரு வருடங்களில் முதல்முறையாக ஒரு கதவைத் தட்டுகிறது. கடைசிக் கட்டத்தில் கதவு ஒரு விரல் அகலம் திறந்திருக்கிறது. உள்ளேயிருந்து "யாரு?" ஆணி சொல்கிறாள்: "நான்தான்."

"முகம் வேற மாதிரி இருக்கே."

"வரைஞ்சது சார். ஒட்டல."

"ஒரு கண்ணு பெரிசா இருக்கு."

"அவளுக்கு அப்படித்தான்."

"அட்டையில பூட்டுன்னு போட்டிருக்கோம். பிள்ளைங்க கேட்பாங்க, பூட்டு எங்கன்னு."

"கேட்கட்டும் சார்."

தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. ஆசிரியர் போனை எடுத்தார்.

"ஸ்டென்... தம்பி, அந்த ஆறு பக்கத்தையும் அச்சகத்துக்கு அனுப்பியாச்சா?" கேட்டுக்கொண்டார். "எப்ப?" மறுபடி கேட்டுக்கொண்டார். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "சரி. மெஷின்ல ஏறுறதுக்கு முன்னாடி நிறுத்தச் சொல்லுங்க. ஏழு மணிவரைக்கும் மெஷின் நமக்கில்ல. இல்லப்பா, உங்க வேலையில குறை ஒண்ணுமில்ல. கனவு வேண்டாம், அவ்வளவுதான்."

போனை வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். குரல் இன்னும் இறங்கியது.

"ஒரு பக்கத்துக்கு எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம் சார்."

"காலையிலயும் இப்படித்தான் சொன்னீங்க. நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன். ஏழுக்கு மேல ஒரு நிமிஷம் போனாலும் பக்கம் ஸ்டென்சிலோடதுதான்."

முக்காலிமேல் கிடந்த பூட்டுப் படங்களை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். பல் இருந்த பூட்டை மட்டும் திரும்ப எடுத்துப் பார்த்தார்.

அவள் இரண்டாவது தாளை இழுத்தாள். வயிறு சில்லிட்டது. கை ஓடியது.

பத்து நிமிடம் கழித்து முக்காலி கிறீச்சிட்டது. ஆசிரியர் எழுந்து மூன்றாவது பக்கத்தை, மை ஈரத்தை, புத்தகங்களுக்கு நடுவே நின்ற டிரையரைப் பார்த்தார்.

"இதை எப்படிம்மா பிடிக்கணும்?"

"தள்ளிப் பிடிங்க சார்," என்றாள் நிமிராமல். "தாள் சுருங்கிடும்."