செவ்வாய் மீன்சந்தை

ஆல்பம் வெளியான அன்று கடற்கரை ஊரான முட்டத்தில் எங்கள் குழுவில் நான் மட்டுந்தான் இருந்தேன். கிட்டார் வாசிக்கும் டிஜோ தோகாவில் ஏ.சி. மெக்கானிக். டிரம்ஸ் வாசிக்கும் ஷைஜா பெங்களூரில். ஆளுக்கொரு ஊரிலிருந்து பதிவுசெய்து அனுப்பியதை டிஜோதான் ஒன்றாகச் சேர்த்திருந்தான்.

'செவ்வாய் மீன்சந்தை' என்பது எங்கள் பங்க் இசைக்குழுவின் பெயர். தெர்மாகோல் ஐஸ்பெட்டியை வெட்டிச் செய்த ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, செவ்வாய்க் கிரகத்துக்கு மீன் விற்கப் போனவர்களின் கதையைக் கத்திப் பாடுவோம். கல்லூரி விழாக்களில் சிரித்துக்கொண்டே ஆடினார்கள். அம்மா மட்டும் ஒரு பாட்டைக்கூட முழுதாகக் கேட்டதில்லை. "தலை நோவுது மக்கா" என்று எழுந்துபோய்விடுவாள். உலகம் கேட்காவிட்டால் போகட்டும், அவள் ஒருமுறை உட்கார்ந்து கேட்டால் போதும் என்று இருந்தது எனக்கு.

மதியம் டிஜோ அழைத்தான்.

"ஏட்டி அபினா, ரீத்தா மாமி கேட்டாச்சா?"

"அம்மா சாளை வெட்டிட்டு இருக்கு."

"நல்லதாப் போச்சு. கையில மீன் இருந்தா எந்திரிச்சு ஓட மாட்டாவ. ஸ்பீக்கர்ல போடு."

அடுக்களை வாசலில் ஸ்பீக்கரை வைத்தேன். முதல் பாட்டு ரேடியோ இரைச்சலோடு தொடங்கும். வழி தவறிய 'விண்மீன்' என்ற விண்கலத்தின் தலைவன் பூமியைக் கூப்பிடுவான். குரல் என்னுடையதுதான், டிஜோ அதை ஆண்குரலாகத் தடிக்கவைத்திருந்தான்.

"விண்மீன் பேசுதேன். கரையில ஆளு உண்டா? கரையில ஆளு உண்டா?"

அதன்பின் கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். அந்த இடைவெளி நீளம், வெட்டிவிடலாம் என்றான் டிஜோ. நான்தான் விடவில்லை.

அரிவாள்மணையின் சத்தம் நின்றது. செதில் ஒட்டிய கைகளோடு அம்மா எழுந்து வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. சுவரிலிருந்த மரத்தட்டின் பக்கம் போய்க் குனிந்தாள்.

"உண்டு, உண்டு. சொல்லுங்க. எங்க நிக்கிறீய?"

அப்பாவோடு பேசும் வயர்லெஸ் செட் முன்பு அந்தத் தட்டில்தான் இருந்தது. ஆழ்கடலிலிருந்து அவர் கூப்பிடும்போதெல்லாம் அம்மா இப்படித்தான் ஓடிவருவாள். புயல் வந்த வருடம் அவருடைய படகு திரும்பவில்லை. இப்போது அங்கே பிளாஸ்டிக் பூங்கொத்து இருக்கிறது.

கிட்டார் வெடித்தது. அம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"அது நாந்தாம்மா" என்றேன்.

"தெரியும்." கைகளைப் பார்த்துக்கொண்டாள். "அப்பாவும் இப்படித்தான் ரெண்டு மட்டம் கேப்பாவ."

விண்வெளியில் போகிறவர்கள் அப்படித்தான் இரண்டு தடவை கேட்பார்கள் என்று நினைத்து நான் எழுதியது அது. பதில் எனக்கென்று வரும் என்று எண்ணித்தான் அந்த இடைவெளியைக் காத்து வைத்திருந்தேனோ என்னவோ. பதில் வந்தது. அது என்னைத் தாண்டிப் போயிற்று.

பாட்டு முடிந்தது. அணைக்கக் கையை நீட்டினேன்.

"இருக்கட்டு" என்றாள் அம்மா. முக்காலியைக் காலால் இழுத்துப் போட்டாள். "அடுத்த பாட்டுல வருமா?"

எது என்று நான் கேட்கவில்லை. மிச்சப் பாட்டுகளில் அந்தக் குரல் இல்லை. எல்லாவற்றிலும் நான்தான் என் சொந்தக் குரலில் கத்திக்கொண்டிருக்கிறேன்.

"வரும்மா" என்றேன்.

ஈரக் கைகளைப் புடவையில் படாமல் தள்ளிப் பிடித்தபடி அவள் ஸ்பீக்கரைப் பார்த்து உட்கார்ந்தாள். ஷைஜாவின் டிரம்ஸ் தொடங்கியது. அம்மா முகம் சுளிக்கவில்லை.