இரண்டு மேசைகள்

சால்ட் லேக் ஆய்வகத்தின் கூட்ட அறையில் வழக்கம்போல இரண்டு மேசைகளையும் எதிரெதிர்ச் சுவரோரமாகப் போட்டிருந்தார்கள். மாதங்கி ஒன்றைப் பிடித்து இழுத்தாள். தரை கிறீச்சிட்டது. மற்றதோடு ஒட்டிய பிறகுதான் நிமிர்ந்தாள்.

விஞ்ஞானி சந்தானம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நிலத்தடி நீரிலிருந்து ஆர்சனிக்கைப் பிரித்தெடுக்கும் வடிகட்டி அவருடைய குழு செய்தது. அதற்கான பம்ப், பெஹாலாவிலுள்ள ஒரு கம்பெனி செய்தது. அரசுப் பணத்தில் நடக்கும் கூட்டுத் திட்டம். இரு தரப்பையும் சேர்த்து நடத்துவது மாதங்கியின் வேலை. இரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு ஆய்வுக் கூட்டத்திலும் வடிகட்டியைத் தனியாக ஓட்டிக் காட்டினார்கள், பம்பைத் தனியாக. வந்தவர்கள் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். இரண்டையும் ஒருமுறைகூட இணைத்துப் பார்த்ததில்லை என்பது போன வாரம்தான் அவளுக்கே உறைத்தது. இணைத்தபோது பம்பின் வேகம் தாங்காமல் இரண்டையும் சேர்க்கும் மூட்டு ஒழுகியது.

"இன்னிக்கு வேண்டாம்மா. கமிட்டி மூணாவது வருஷத்துக்கு சரின்னு சொல்லட்டும். அப்புறம் சாவகாசமா பாத்துக்கலாம்" என்றார் சந்தானம்.

"அப்புறம்னா எப்போ ஸார்? பொண்ணை ஒரு பக்கம், மாப்பிள்ளையை ஒரு பக்கம் உக்காத்தி வச்சு, விருந்து மட்டும் போட்டுண்டிருக்கோம்."

"ஒழுகித்துன்னா கல்யாணமே நின்னுடும். கிராமத்துல வைக்க ஒண்ணும் மிஞ்சாது."

மாதங்கி ஒருமுறை அந்தக் கிராமத்துக்குப் போயிருந்தாள். அங்கே, குடிக்கக்கூடாது என்று சிவப்பு அடித்த கைப்பம்பில் ஒரு பெண் குடம் நிறைத்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு வாய் திறக்காமல் உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள். கறுப்புப் புள்ளிகளும் தடித்த தோலும். இனி என்ன என்பது போல இருந்தது அது. பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்: உங்கள் மெஷின் எப்போது வரும்? அடுத்த வருடம் என்று மாதங்கி சொல்லியிருந்தாள். இன்றைக்கு மறைத்தால் அந்த மூட்டு அந்தப் பெண்ணின் முற்றத்தில்தான் பிய்த்துக்கொள்ளும்.

பம்போடு வந்த கம்பெனி இன்ஜினியர் அபினவ், ஒட்டிக்கிடந்த மேசைகளைப் பார்த்து, "பாகல் நாகி, தீதி!" என்றான். பைத்தியமா அக்கா என்று வங்காளியில் கேட்டானே தவிர, அவள் காட்டிய இடத்தில்தான் பம்பை வைத்தான். சந்தானம் ஒரு துண்டை நாலாக மடித்து மூட்டுக்கு அடியில் செருகினார். மாதங்கி அதை உருவி நாற்காலியில் போட்டாள்.

கமிட்டி வந்து உட்கார்ந்தது. பம்ப் உறுமியது. கண்ணாடிக் குழாயில் நீர் ஏறியது. மூட்டில் ஒரு முத்து திரண்டு, கொஞ்ச நேரம் தொங்கி, மேசையில் விழுந்தது. தேநீர்க் கோப்பையை எடுத்த ஒருவர் அப்படியே வைத்துவிட்டார்.

"தனித்தனியாக இரண்டும் நன்றாக ஓடும்" என்று மாதங்கி ஆங்கிலத்தில் சொன்னாள். "சேர்ந்தால் இங்கே ஒழுகும். மூன்றாவது வருடத்தின் முதல் வேலை இதுதான்."

சந்தானம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கமிட்டித் தலைவர் எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூட்டுக்கு அடியில் உள்ளங்கையை விரித்து நீட்டினார். ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று திரண்டது. அவர் கையை எடுக்கவில்லை.