பானெட்டில் வெள்ளை வட்டங்கள்

கிளாட்வினுக்குப் புத்தி வேலை செய்யாத நேரம் பார்த்துத்தான் கை வேலை செய்யும். முந்தாநாள் மத்தியானமும் அப்படித்தான். பிரான்சிலிருந்து மச்சான் வருகிறாரே, அவர் கார் பளிச்சென்று இருக்கட்டும் என்று உறையை உருவினான். முதலியார்பேட்டை வீட்டு வாசலில் உச்சி வெயிலில் வண்டியை நிறுத்தி, போர் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தான். அடித்த மகராசன் துடைத்தானா? இல்லை. இறால் குழம்பு சாப்பிடப் போனான், சாப்பிட்ட கையோடு தூங்கியும் விட்டான். எழுந்து வந்து பார்த்தால் கறுப்புக் காரின் பானெட் முழுக்க வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். உப்புத் தண்ணீர் காய்ந்து பெயிண்டில் பிடித்துக்கொண்டிருந்தது. சோப்பு போட்டான், ஷாம்பு போட்டான். எதற்கும் அசையவில்லை.

வேறு சமயமாக இருந்தால் போனால் போகிறது என்று விடலாம். தட்டாஞ்சாவடியில் அவன் வேலை பார்த்த கம்பெனியை மூடி ஏழு மாதம் ஆகிறது. அவன் மனைவி ரூபியின் அண்ணன் ரிச்சர்ட், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற சொல்தா, போனில் கறாராகச் சொல்லியிருந்தார். "நான் உட்டுட்டுப் போன மாதிரியே வண்டி இருந்தா சாவி உனக்கு மாப்ள. ஓட்டிப் பொழச்சிக்கோ. இல்லன்னா வித்துடுவேன்." அவர் சொன்னால் சொன்னதுதான்.

இன்று காலையில் மெக்கானிக் கலியமூர்த்தி போனில் வழி சொன்னார். "மொதல்ல வண்டிய நெழலுக்குக் கொண்டா. வினிகரும் கேன் தண்ணியும் பாதிப் பாதி. துணிய நனைச்சி கறை மேல ரெண்டு நிமிஷம் போட்டு வச்சி, மெதுவா தொட. போர் தண்ணி பக்கமே போவாத. கை வச்சா வழவழன்னு இருக்கணும். முரட்டுத்தனமா மட்டும் தேய்ச்சிடாத."

பன்றிக்கறிக்கென்று ரூபி வாங்கி வைத்திருந்த வினிகர் பாட்டில் போர்ட்டிகோவுக்கு வந்தது. முதல் வட்டம் கரைந்தபோது கிளாட்வினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே போனான். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கூட்டம் மட்டும் மிச்சம். தடவிப் பார்த்தான், வழவழவென்றுதான் இருந்தது. கண்ணுக்குத்தான் வெள்ளையாகத் தெரிந்தது. பாட்டிலைக் கவிழ்த்தான். சொட்டு இல்லை.

ரூபி போனோடு வந்தாள். "கனகசெட்டிக்குளம் தாண்டிட்டாங்களாம். டாக்சிக்காரர்தான் பேசனாரு."

அப்படியென்றால் முக்கால் மணி நேரம்கூட இல்லை. கடைக்கு ஓடியிருந்தால் ஐந்து நிமிடத்தில் இன்னொரு பாட்டில் வந்திருக்கும். பயம் பிடித்தவனுக்கு அதெல்லாம் எங்கே தோன்றுகிறது? நேராகச் சமையலறைக்குப் போய், பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை எடுத்து வந்தான்.

"வேணாங்க, சொன்னா கேளுங்க," என்றாள் ரூபி.

நாலே தேய். வெள்ளை வட்டங்கள் போயின. அந்த இடத்தில் பெயிண்ட் சாம்பலாகக் கீறிக் கிடந்தது. கிளாட்வின் நாரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். வாய்க்கு வந்த சோற்றை அவனே தட்டிவிட்டான்.

டாக்சி வந்தது. டிரைவர் முழங்கையைப் பிடித்து இறக்கிவிட, கறுப்புக் கண்ணாடியோடு ரிச்சர்ட் இறங்கினார். கேட்டைத் தடவிக்கொண்டு உள்ளே வந்தார். எதிரில் நின்ற தங்கையைத் தாண்டி எங்கோ பார்த்துச் சிரித்தார்.

"கண்ணு போயிடுச்சி ரூபி. சக்கரை. இப்ப வெறும் நெழலாத்தான் தெரியுது. போன்ல சொல்ல மனசு வரல." ரூபி அவர் தோளில் சாய்ந்து அழுதாள். அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "சரி, வண்டி எங்க?"

கிளாட்வின் அவர் கையைப் பிடித்துக் காரிடம் கூட்டிப்போனான். ரிச்சர்ட் பானெட்டில் உள்ளங்கையை வைத்து, மெல்லத் தடவிக்கொண்டே போனார். பாவி, விட்டிருந்தால் அந்த வெள்ளை வட்டங்கள் அவருக்குத் தெரிந்தே இருக்காது. கை நடுவில் வந்ததும் நின்றது.

"என்ன மாப்ள இது?"

வெளியே நின்றதில் தூசி படிந்திருக்கும் மச்சான், துடைத்துவிடுகிறேன் என்று சொன்னால் முடிந்தது. சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ரூபி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கீறல் மச்சான். தண்ணிக் கறைய எடுக்கறேன்னு பச்சை நாரு போட்டுத் தேய்ச்சிட்டேன். நான்தான்."

ரிச்சர்ட் விரலால் கீறலின் ஓரத்தைத் தொட்டுத் தொட்டுச் சுற்றி வந்தார். பிறகு தன்னிடமிருந்த இன்னொரு சாவியையும் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

"பெயிண்ட் கியிண்ட் அடிச்சி இத மறைச்சிடாத மாப்ள," என்றார். "இனிமே கை வச்சாத்தான் எனக்கு என் வண்டி எதுன்னு தெரியும்."