வாசலில் பளபளத்த டயர்கள்

பல் பிடுங்கிக்கொண்டு வந்ததால் என் வாய் நிறையப் பஞ்சு. இல்லாவிட்டால் கடை வாசலிலேயே ஊரைக் கூட்டியிருப்பேன்.

எங்கள் டயர் கடைக்கு முன்னால், ஷட்டருக்குப் பக்கத்தில், ஆள் உயரத்துக்கு ஓர் அடுக்கு உண்டு. ஒன்றன்மேல் ஒன்றாகக் கார் டயர்கள், கருகருவென்று, கண்ணைப் பறிக்கிற பளபளப்பில். ரோட்டில் போகிறவர்கள் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் அது. ஆனால் அதில் இருப்பது அத்தனையும் செத்த டயர். முன்பெல்லாம் நல்ல டயரைத்தான் வெளியே அடுக்கினோம். ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் அடுக்கையே காணோம், எந்தக் கட்டையில் போகிறவனோ மொத்தமாக வழித்துக்கொண்டு போயிருந்தான். அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் தூக்கிப்போட வேண்டிய டயர்களில் பார்வைக்கு நல்லதாகப் பொறுக்கி அடுக்க ஆரம்பித்தார்.

பார்வைக்கு நல்ல செத்த டயர் நிறையக் கிடைக்கும். ஓடியே இருக்காது, யார் வீட்டு ஷெட்டிலோ நின்றே கிழடு தட்டியிருக்கும். பட்டன் என்று நாங்கள் சொல்கிற மேல் வரிகள் புதுசுபோல ஆழமாக இருக்கும். ரப்பர் மட்டும் காய்ந்து, பக்கவாட்டில் முடி முடியாக வெடித்திருக்கும். கறுப்பு பாலிஷை ஒரு கை போட்டால் அந்த வெடிப்பும் மூடிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் என் மகள் குட்டியும் துணியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து தேய்ப்போம். விளம்பரத்துக்காகக் கடை வேனின் டயரையும் விடமாட்டோம். யாராவது அடுக்கைக் காட்டி விலை கேட்டால், "அது வித்துப்போச்சுங்க, உள்ள வாங்க, வேற காட்டுறேன்" என்பேன்.

அன்றைக்கு அந்த அடுக்கின் உச்சியில் இரண்டு டயர்கள் மண்ணும் தூசியுமாக இருந்தன. பட்டன் மழுமழுவென்று தேய்ந்து போயிருந்தது. அவற்றை நான் முந்தின நாள் சாயங்காலம்தான் பார்த்திருந்தேன், என் தம்பியின் டிரெய்லரில்.

என் தம்பி தையல்காரன். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊரில் புதுக் கடை பிடித்திருந்தான். ஒரு பழைய காருக்குப் பின்னால் டிரெய்லரைக் கொக்கியில் மாட்டி, தையல் மிஷின்களையும் வெட்டு மேஜையையும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான். டிரெய்லர் டயரைப் பார்த்ததுமே சொல்லிவிட்டேன்.

"மச்சான் மாத்தித் தருவாரு. அது வரைக்கும் நீ இந்த இடத்த விட்டு அசையக்கூடாது."

"சரிக்கா, சரிக்கா" என்றான். அவனுக்கு வீட்டில் வைத்த பேர் அவசரக்குடுக்கை. சும்மா வைக்கவில்லை. காலையில் என் வீட்டுக்காரருக்கு பைபாஸில் படுத்துவிட்ட லாரியிலிருந்து அழைப்பு வந்தது, போய்விட்டார். நான் பல் டாக்டரிடம் போனேன். அந்த நேரத்தில் இவன் எங்கள் மிஷினிலேயே டயரைக் கழற்றி மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறான். தையல் படிப்பதற்கு முன்னால் எங்கள் கடையில் கொஞ்ச காலம் இருந்தவன், வேலை தெரியும். அடுக்கு திருடுபோனதும், அதை நாங்கள் செத்த டயராக மாற்றியதும் அவன் போனபிறகு நடந்த கதை, அது தெரியாது. கூடவே குட்டி போயிருந்தாள். பள்ளிக்கூடம் லீவு, மாமா கடையைத் திறக்கும்வரை கூட இருக்கட்டும் என்று நான்தான் துணிமணி எடுத்துவைத்தேன்.

பக்கத்துக் கடை பேட்டரிக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, கன்னம் உப்பிப் போயிருக்கு? மாமாவும் மருமகளும் சிரிச்சுக்கிட்டே கெளம்பினாங்களே, நீங்க பாக்கலயா?"

தம்பிக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டேன். எடுக்கமாட்டான். வண்டி ஓட்டும்போது போனை எடுத்தால் கையை ஒடித்து அடுப்பில் வைப்பேன் என்று போன வருஷம் நான்தான் மிரட்டியிருந்தேன். பிறந்ததிலிருந்து அவன் என் பேச்சைக் கேட்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

வீட்டுக்காரர் வேனை நிறுத்தி இறங்கினார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அடுக்கின் உச்சியைக் காட்டினேன். அவர் ஒரு நிமிஷம் புரியாமல் பார்த்தார். பிறகு எக்கி, அந்த மண் டயரைத் தொட்டார்.

"குட்டி எங்க?"

நான் ரோட்டைக் காட்டினேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. உள்ளே போய், ரிம்மில் மாட்டித் தயாராக இருந்த இரண்டு நல்ல டயர்களை உருட்டிக்கொண்டு வந்து வேனில் போட்டார். ஜாக்கியையும் ஸ்பேனரையும் நான் தூக்கிப் போட்டேன். ஷட்டரை இறக்கக்கூட இல்லை, பேட்டரிக்காரர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம்.

அந்த ஊருக்குப் போக மலை ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். இறக்கத்துக்கு முன்னால் பிடித்துவிட்டால் பிழைத்தோம். நல்ல டயரே அந்த இறக்கத்தில் சூடேறிக் கை வைக்க முடியாதபடி கொதிக்கும். செத்த டயர் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, தினம் கடைக்கு வருகிற கந்தல்களைப் பார்க்கிறவள் நான். வெயில் வேறு மண்டையைப் பிளந்தது.

என் வீட்டுக்காரர் எப்போதும் ஓட்டுகிற மாதிரியே ஓட்டினார். பஞ்சை ஜன்னலுக்கு வெளியே துப்பினேன்.

"இப்பவாவது கொஞ்சம் அழுத்துங்களேன். மாட்டு வண்டி ஓட்டுற மாதிரி."

"நாமளும் கவுந்தா யாரு போய் அவங்களப் புடிக்கிறது?"

ஆத்திரத்தில் பல் பிடுங்கிய இடம் விண்விண்ணென்று தெறித்தது. தம்பியைப் பிடித்ததும் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன். கண்ணை எங்கே அடகு வைத்தாய், உனக்கெல்லாம் எவன் லைசென்ஸ் கொடுத்தான், என் பிள்ளைக்கு ஒன்று என்றால் உன்னை உயிரோடு விடமாட்டேன். கடைசி வரியை ஒவ்வொரு முறையும் பாதியில் விட்டேன். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

ஏற்றம் தொடங்குகிற இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க். நிறுத்தி, பெட்ரோல் போடுகிறவரிடம் கேட்டோம்.

"தையல் மிஷின் ஏத்தின டிரெய்லரா? போச்சே. பின்னாடி வால் ஆடுது சார்னு சொன்னேன். மெதுவா போயிக்கிறேன்னாரு. அந்தப் பாப்பா எனக்கு டாட்டா காட்டிட்டுப் போச்சு."

டாட்டா காட்டினாளாம். நான் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன்.

ஏற்றத்தில் கொஞ்ச தூரம் போனதும் ரோட்டோரத்தில் டயர் கந்தல் ஒன்று கிடந்தது. தடியாக, கம்பி பிதுங்கிக்கொண்டு. நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தேன்.

"லாரி டயரு. பழசு" என்றார் அவர், வேகத்தைக் குறைக்காமல்.

உச்சியைத் தாண்டினோம், ரோடு கீழே சரிய ஆரம்பித்தது. இறக்கத்துக்கு முன்னால் பிடிக்கவில்லை. முதல் வளைவு, ஒன்றுமில்லை. இரண்டாவது வளைவில் இன்னொரு கந்தல் கிடந்தது. மெல்லிசாக, ரோட்டு நடுவில். மேல்பக்கம் வெயிலில் பளபளவென்று மின்னியது.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இந்த முறை அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த கடவுளையெல்லாம் கூப்பிட்டேன், தெரியாததையும் கூப்பிட்டேன்.

அடுத்த வளைவைத் திரும்பியதும் கார் தெரிந்தது. பாறைப் பக்கம் ஒட்டிக் குறுக்காக நின்றது. பின்னால் டிரெய்லர் ஒரு பக்கம் சாய்ந்து, வெறும் ரிம்மில் நின்றது. ஒரு தையல் மிஷின் ரோட்டில் தலைகுப்புறக் கிடந்தது. குட்டியைக் காணவில்லை.

வேன் நிற்பதற்கு முன்னாலேயே குதித்துவிட்டேன். காருக்குள் யாரும் இல்லை. டிரெய்லரைச் சுற்றி ஓடினேன். பாறை நிழலில், நூல்கண்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிதறிய கண்டுகளை நிறம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். முழங்கையில் மட்டும் சிராய்ப்பு. அவளைத் தூக்கி இறுக்கிக்கொண்டேன், தலையைத் தடவினேன், காலைத் தடவினேன், விரல்களைக்கூட ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

"அம்மா, வலிக்குது, விடு. உனக்கு ஏன் வாயில ரத்தம்?"

அதற்குப் பிறகு தம்பியைப் பார்த்தேன். வெட்டவெளியில் பேயறைந்தவன்போல நின்றுகொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் அவன் தோளில் கை வைத்திருந்தார்.

"வெடிச்சதும் பிரேக்க மிதிச்சியா மாப்ள?"

"இல்ல மச்சான். கால எடுத்துட்டேன். ஸ்டியரிங்க மட்டும் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன். அது பாட்டுக்கு இழுத்துச்சு."

"அதான் உசிரோட நிக்கிற" என்றார். பிறகு டிரெய்லரின் வால்பக்கத்தைப் பார்த்தார். இரும்பு மிஷின் அத்தனையும் கடைசியில் இருந்தன. "இதெல்லாம் ஏன் பின்னாடி?"

"இறக்கும்போது மொதல்ல மிஷின் வேணும்னு."

"பாரம் முன்னாடி சாஞ்சு நிக்கணும்டா. பின்னாடி ஏத்தினா வாலை ஆட்டும், காரையும் சேத்து ஆட்டும்."

அவர் அவ்வளவுதான். எனக்கு அதெல்லாம் போதாது. வழியெல்லாம் அடுக்கிவைத்ததை ஒன்றுவிடாமல் கொட்டினேன். "கண்ணு பொடனியிலயா இருக்கு உனக்கு? நான் வர்ற வரைக்கும் இருன்னு சொன்னேன்ல? எந்த டயர எடுக்கணும்னுகூடவா தெரியாது? என் புள்ளைய வெச்சுக்கிட்டு இப்படியா வருவ?" வீங்கிய கன்னத்தோடு பாதி வார்த்தை குழறியது, ஆனாலும் நிறுத்தவில்லை. தம்பி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. வாய்க்கு வாய் பேசுகிறவன் ஏன் இப்படி நிற்கிறான் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

குட்டி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமாவத் திட்டாதம்மா. மாமா உள்ள இருக்கிற டயரத்தான் எடுக்கப் போனாரு. நான்தான் வெளிய இருக்கிறத எடுக்கச் சொன்னேன். மாமாவுக்கு நல்லதாக் குடுக்கணும்னு."

"உன்ன யாருடி அத எடுத்துக் குடுக்கச் சொன்னா?"

"நீதானே சொன்ன. நம்ம கடையிலயே இதுதான் ஒசத்தி, நல்லாத் தேய்னு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சொல்லுவியே."

சொல்லியிருக்கிறேன். குட்டி வாயில் எதுவும் நிற்காது, செத்த டயர் என்று தெரிந்தால் பள்ளிக்கூடம் முழுக்கப் பரப்பிவிடுவாள் என்று அவளிடம் மறைத்தேன். வாடிக்கையாளரிடம் சொல்வது போலவே அவளிடமும் சொன்னேன். அவள் சளைக்காமல் தேய்க்க வேண்டும் என்று இன்னும் கொஞ்சம் கூட்டியே சொன்னேன். அவளோ அவற்றில் மிக நன்றாக மின்னியதாகப் பார்த்து, தான் தேய்த்ததையே பொறுக்கி மாமாவுக்குக் கொடுத்திருக்கிறாள். தம்பி அவளைக் காட்டிக்கொடுக்காமல் என் வசவையெல்லாம் வாங்கிக்கொண்டிருக்கிறான்.

என் வீட்டுக்காரர் வெடிக்காத இன்னொரு டயரைக் கழற்றிக்கொண்டிருந்தார். "இங்க வந்து பாரு" என்று என்னைக் கூப்பிட்டார். அதன் உள்பக்கம் கொழுக்கட்டை அளவுக்குப் புடைத்திருந்தது. தொட்டேன், சுட்டது. பள்ளத்துப் பக்கச் சக்கரம் அதுதான். அது முதலில் வெடித்திருந்தால் வண்டியைப் பள்ளத்துக்குத்தான் இழுத்திருக்கும்.

நல்ல டயர்கள் இரண்டையும் மாட்டினார். நட்டுகளை முறுக்கிவிட்டு, மறுபடி ஒரு சுற்று முறுக்கினார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து மிஷின்களை அச்சுக்கு மேலேயும் முன்னாலும் நகர்த்திக் கயிறு போட்டுக் கட்டினோம். கொக்கியை ஆட்டிப் பார்த்தார், சங்கிலியை இழுத்துப் பார்த்தார். நான் கந்தலான டயரையும் புடைத்த டயரையும் வேனில் தூக்கிப் போட்டேன். போனதும் அந்த அடுக்கு மொத்தத்தையும் அறுத்துப் போட்டுவிடச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

தம்பியிடம் போனேன். மன்னிப்பெல்லாம் எனக்கு வராது. அவன் சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டேன்.

"மெதுவாப் போ. நாங்க பின்னாடியே வர்றோம்."

"சரிக்கா."

குட்டியை எங்களோடு வைத்துக்கொள்வது என்று முடிவானது. வேன் கதவைத் திறந்து பிடித்தேன்.

"ஏறுடி கண்ணு. இனிமே பயமில்ல. நம்ம வண்டி டயரு நல்ல டயரு."

அவள் ஏறவில்லை. வேனின் முன்டயர் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது, போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் தேய்த்ததுதான். அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். விரலில் கறுப்பு ஒட்டியது. பாவாடையில் துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தாள். பாலிஷ் போன இடத்தில் கண்ணைக் கொண்டுபோய் வைத்து, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு எழுந்து, என்னைத் தாண்டிப் போய் அவள் அப்பா கையைப் பிடித்தாள்.

"அப்பா, நீ சொல்லு. இது நெஜமாவே நல்லதா?"

"நல்லதுதான் குட்டி" என்றார் அவர்.

அதன்பிறகுதான் ஏறினாள்.