ஆறாவது கேள்வி

என் தங்கை மறுமணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னபோது நான் மறுக்கவில்லை. அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. கணவர் இறந்து பன்னிரண்டு வருடம். ஆனால் எங்கள் குடும்பத்தின் பெயரில் வெளியே போகிற எந்தக் காகிதமும் என் கண்ணில் படாமல் போகக்கூடாது என்றேன். திருமணத் தகவல் மையத்தின் விண்ணப்பத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

ஆறாவது கேள்வியில் தகராறு வந்தது. குடும்பம் எப்படிப்பட்டது? மூன்று கட்டங்கள்: பாரம்பரியம், மிதம், மாடர்ன்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? பாரம்பரியம்," என்று பேனாவைத் திறந்தேன்.

"அண்ணா, அதுல டிக் பண்றவங்க விதவையைத் தேடி வரமாட்டாங்க. மாடர்ன்னு போடுங்க."

"நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"அந்த நாலு பேர்ல ஒருத்தர் போதும் எனக்கு."

பொருள் தெரியாத சொல்லின் கீழ் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. மாடர்ன் என்றால் என்ன என்று கீழ்வீட்டுப் பல் மருத்துவரிடம் விசாரித்தேன். "வலிக்காம பிடுங்கறது," என்றார். முடிதிருத்துபவர், காதோரம் ஒட்ட மழிப்பது என்றார். மருமகள் சமையலறையைக் கைகாட்டி, "சிம்னி இருந்தா மாடர்ன் மாமா. நமக்குத்தான் குடுத்து வைக்கலையே," என்று ஒரு குத்து குத்தினாள்.

கடைசியில் தங்கை சொன்ன கட்டத்திலேயே குறியிட்டேன். ஆனால் தொடர்பு எண் என்னுடையது.

ஏழு பேர் அழைத்தார்கள். எல்லோரிடமும் என் முதல் கேள்வி ஒன்றுதான்: "மாடர்ன்னு போட்டிருக்கீங்களே, உங்க வீட்ல அப்படின்னா என்ன?" ஒருவர் தன் குளியலறையை வர்ணித்தார். ஒருவர், "அவங்க தாராளமா வேலைக்குப் போகலாம், நான் தடுக்கமாட்டேன்," என்றார். ஓய்வு பெற்றவளுக்கு அனுமதி! இன்னொருவர் அம்மாவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார், அவருக்கே அறுபத்திரண்டு. எனக்கு ஆவல் தொற்றிக்கொண்டது. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினேன். தங்கையைப் பற்றி ஒருவரிடமும் பேசவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

எட்டாமவர் லிஃப்ட் மெக்கானிக்.

"அதெல்லாம் தெரியலீங்க," என்றார். "மத்த ரெண்டு கட்டமும் எனக்குப் பொருந்தல, அதான் இதுல போட்டேன். போனை அவங்ககிட்ட குடுக்கறீங்களா?"

"எங்க வீட்டுப் பெண்கள் முன்னப்பின்ன தெரியாத ஆம்பளைங்களோட போன்ல பேசறதில்ல."

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த தங்கை நிமிர்ந்தாள். "அண்ணா, டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல முப்பத்தோரு வருஷம் நான் யார்கூட பேசினேன்னு நினைச்சீங்க?"

மறுமுனையில் அந்த மனிதர் சிரிப்பது எனக்குக் கேட்டது. போனைக் கொடுத்தேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாற்பது நிமிடம். இடையில் இரண்டு முறை அவளும் வாய்விட்டுச் சிரித்தாள். நான் நாளிதழைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வரியும் ஓடவில்லை.

வெளியே வந்தவள், "ஞாயித்துக்கிழமை அவர் வீட்டைப் பாத்துட்டு வரேன்," என்றாள்.

"காலையிலேயே கிளம்பிடலாம். வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டிருக்கா?"

"நான் மட்டும் போறேன் அண்ணா."

மூத்தவன் இருக்கும்போது தனியாகவா என்று நாக்கு நுனி வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"மரியாதையா பேசற ஆளா?" என்று மட்டும் கேட்டேன்.

"உங்களைவிட."

"சரி, இருட்டறதுக்குள்ள வந்துடு," என்றேன்.